‘உட்பட’ என்ற ஒரு சொல்லுக்காக

தம்பி,

இரண்டு கிழமைக்கு முன் நீ தொலைபேசியில் கேட்டதற்கு “பாத்துச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காலநிலை மாநாட்டுக்குப் போகிற நாட்டுக் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னாய். உன் குரலில் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு கேட்டாய்: “அம்மா, எங்களுக்கு ஒரு ஆள் வேணும். வெள்ளத்தில ஆரையாவது பறிகுடுத்த ஒரு பொம்பிளை. நல்லாக் கதைக்கத் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை. நீங்கள் முந்தி மொழிபெயர்த்த அந்த வீடியோவைப் பாத்தனான். அந்த அம்மாவையே திரும்பக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டு எங்கட ஆக்கள் கேக்கினம்.” எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். எனக்குப் பெருமை வரவில்லை. இந்தக் கடிதம் நீளமானது, இருந்து வாசி. உன்னைச் சந்தோசப்படுத்துகிற ஒரு வரியும் இதில் இல்லை, தேடாதே.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் விவசாயக் கந்தோரில் வேலை செய்த காலம் உனக்கு நினைவிருக்கும். சின்னக் குளங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. காட்டோரத்தில் ஈச்சமோட்டைக்குளம் என்று ஒன்று. அதற்குக் கீழே இருபது, இருபத்தைந்து குடும்பம் வயல் செய்தது. ஒரு ஆவணி மாதம் அந்த ஊரிலிருந்து சிவராசா என்ற கமக்காரர் வந்தார். சேட்டுப் பைக்குள் நாலாய் மடித்த ஒரு கடிதம். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற துருசு உக்கிப்போய்விட்டது, அதைச் சுற்றிக் குளக்கட்டுக்குள்ளே தண்ணி ஊறுகிறது, மாரிக்கு முன் வந்து பாருங்கள் என்று தன் கையால் எழுதியிருந்தார். நான் அவரை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே கொடுத்துவிட்டு, நின்றபடியே போனார். மூன்று கிழமை கழித்து, அந்தப் பக்கம் கால் வைக்காமலே, படிவத்தில் எழுதினேன்: “பார்வையிடப்பட்டது. திருப்திகரம்.”

ஏன் போகவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிவந்த காரணம் நீதான். உனக்கு அப்போது டெங்குக் காய்ச்சல், பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. அது பொய். நீ அந்தக் கிழமை எழும்பிப் பள்ளிக்கூடம் போய்விட்டாய். பாதை முழுக்கப் புழுதி, யானை நிற்கிறது என்று கதை, வெயில் வேறு. நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கையொப்பம் வைத்தேன். உன் காய்ச்சலைக்கூட நான் சும்மா விடவில்லை, அதையும் எடுத்துப் பாவித்தேன். இதை உன் அப்பாவுக்கும் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த மார்கழியில் பெய்த மழையைப் போல ஒரு மழையை வன்னியில் யாரும் கண்டதில்லை. அது உண்மை, அதையும் எழுதிவிடுகிறேன். குளம் நிரம்பி வான் பாய்ந்து, தண்ணீர் கட்டின் விளிம்புவரை ஏறியது. சிவராசாவும் இன்னும் மூன்று பேரும் மண்மூட்டை அடுக்கப் போனார்கள். தண்ணீர் கட்டுக்கு மேலாக வரவில்லை. துருசுக்குப் பக்கத்தில், அவர் எழுதித் தந்த அதே இடத்தில், கட்டு உள்ளிருந்து விட்டுக்கொடுத்தது. மற்ற மூன்று பேரும் ஓடித் தப்பினார்கள். அவரை மூன்றாம் நாள் கீழ் வயலில், முள்ளுக்கம்பியில் மாட்டுப்பட்டபடி எடுத்தார்கள். முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பரமேஸ்வரி அழுகைக்கு நடுவிலும் எழும்பி, எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். நான் இருந்தேன்.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து தகவல் வந்தது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒரு விவசாயப் பெண்ணும், மூன்று மொழியும் தெரிந்த ஒரு உத்தியோகத்தரும் நாட்டுக் குழுவோடு மாநாட்டுக்கு வேண்டும் என்று. மூன்று மொழி தெரிந்தவள் எங்கள் பக்கத்தில் நான்தான். ஆளைத் தெரிவுசெய்ததும் நான்தான். எத்தனையோ பேர் இருந்தார்கள். பரமேஸ்வரியை ஏன் எடுத்தேன் தெரியுமா? என்னோடு விமானத்தில் போய் வந்த ஒருத்தி, பிறகு என்னைப் பற்றி எங்கேயும் முறைப்பாடு எழுதமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். இரக்கப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனதாக ஊர் சொன்னது. நானும் ஊர் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினேன்.

அங்கே நடந்ததை நீ படித்து அறிந்திருப்பாய், ஆனால் படிப்பது வேறு. எங்கள் குழுவில் ஏழு பேர். ஒரே நேரத்தில் பத்து அறையில் கூட்டம் நடக்கும். பெரிய நாடுகள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சட்டத்தரணியை வைத்திருந்தன. எங்கள் ஆட்கள் பாண் துண்டைக் கடித்தபடி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஓடினார்கள். போய்ச் சேரும்போது அந்த வரி முடிந்திருக்கும். குழுத் தலைவர் தன்மையான மனிதர், கெட்டிக்காரர், ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்காதவர். முதல் நாளே என்னிடம் விளக்கினார். பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உதவுகிற நிதியைப் பற்றி ஒரு பந்தி எழுதப்படுகிறது. அதில் இரண்டு கூட்டத்தின் பெயர்தான் இருக்கிறது: மிக வறிய நாடுகள், கடலுக்குள் இருக்கிற குட்டித் தீவு நாடுகள். நாங்கள் இரண்டிலும் இல்லை. வறியவர் என்று சொல்லப் போதிய வறுமை இல்லை, தீவு என்று சொல்லப் போதிய சிறுமை இல்லை. அந்தப் பந்திக்குள் எங்களைப் போன்ற நாடுகளும் ‘உட்பட’ என்று ஒரு சொல்லை நுழைக்கவேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

“எங்களிட்டக் கப்பல் இல்லை, எண்ணெய் இல்லை, மிரட்ட ஆள் இல்லை,” என்றார். “சின்ன நாட்டுக்கு மூண்டு விசயம்தான் இருக்கு. எங்களைப் போல ஆக்களோட சேர்ந்து நிக்கிறது. பெரியவை வீட்ட போக அவசரப்படேக்க ‘எங்களுக்குச் சம்மதமில்லை’ எண்டு கடைசியாக் கையை உயர்த்துறது. மூண்டாவது, இந்த அம்மா.” பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: “மூண்டு நிமிசம்தான். ஒரு காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கோ. ரெண்டு காரணம் சொன்னால் ரெண்டையும் நம்பமாட்டினம்.” அவருக்குத் துருசைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பரமேஸ்வரியிடம் போய், “மழையை மட்டும் சொல்லுங்கோ” என்றேன். அவருடைய மூத்த மகன் சண்டையில் செத்தவன். அதையும் சொல்லவேண்டாம் என்று, யாரும் என்னிடம் கேட்காமலே, நானாகவே சேர்த்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி மிஸ்” என்றார்.

அந்த மண்டபத்தில் எங்களுக்கு முன் பேசியவர் ஒரு குட்டித் தீவிலிருந்து வந்த கிழவர். தன் ஊரில் சவம் தாழ்க்கிற சவக்காலையைக் கடல் எடுத்த கதையைச் சொன்னார். அவர் இறங்கி வந்து பரமேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு பொது மொழி இல்லை. பரமேஸ்வரி பையைத் திறந்து எள்ளுருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுத் தின்றார். அதே நேரம் பின்னால் அந்தத் தீவின் பிரதிநிதி, சின்னப் பெண், என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: “உங்களுக்கு ஏறி நிற்க மலை இருக்கிறது. எங்களுக்குத் தென்னைமரம்தான் இருக்கிறது. இந்தப் பந்திக்குள் நீங்களும் வந்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?” அவள் சொன்னதில் பிழை இல்லை. நாங்கள் அங்கே போய்ப் பணக்காரரோடு சண்டை பிடித்ததைவிட, எங்களைவிடச் சின்னவர்களைத் தள்ளி இடம் பிடித்ததுதான் அதிகம். யாருடைய கண்ணீருக்கு மண்டபம் அதிக நேரம் அமைதியாக இருக்கிறது என்று நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரமேஸ்வரி பேசினார். மழை, குளம், மனுசன், முள்ளுக்கம்பி. நான் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு ஒரு பணக்கார நாட்டுக்காரர் எழும்பினார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், ஆனால் அந்தக் குளக்கட்டு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதா, கடைசியாக எப்போது யார் பார்த்தார்கள்? எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அதை மாற்றவேண்டும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றவில்லை.

பரமேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சொன்னார்: “இல்லை. துருசு உக்கிப்போய்க் கிடந்தது. என்ர மனுசன் சிவராசா தன்ர கையால எழுதிக் கந்தோரில குடுத்தவர். ஈச்சமோட்டைக்குளத்துக்கு ஒருத்தரும் வரேல்லை.”

மண்டபம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “எங்கள் ஊர்க் குளம் ஒவ்வொரு வருடமும் முறைப்படி பார்வையிடப்படுகிறது. இப்படியான மழையை எந்தக் கட்டும் தாங்காது என்று சொல்கிறார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பரமேஸ்வரியும் தலையை ஆட்டினார். நீ பார்த்து மகிழ்ந்த வீடியோ அதுதான். அதில் அவருடைய வாய் அசைகிறது, குரல் இல்லை. ஒலிவாங்கி எனக்கு முன்னால்தான் இருந்தது. அவருக்கும் ஒன்று வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியே வந்ததும் அவர் கேட்டார்: “துருசைப் பற்றிச் சொன்னனீங்களோ, மிஸ்?” “ஓம், சொன்னனான்,” என்றேன். அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கடைசி நாள் பகல், எல்லோரும் பெட்டியோடு நிற்கிற நேரம், தலைவர் கையை உயர்த்திச் சம்மதமில்லை என்றார். விமானம் பிடிக்கவேண்டியவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். அரை மணித்தியாலத்தில் ‘உட்பட’ கிடைத்தது. அதற்குப் பதிலாக, அதே பந்தியில் “உதவவேண்டும்” என்று இருந்தது “உதவ முயலலாம்” என்று மாறியது. தீவுக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். நாங்கள் எதிர்க்கவில்லை, அதுதான் பேரம். யாரும் கொடுக்கத் தேவையில்லாத ஒன்றை வாங்குகிறவர்களின் பட்டியலில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சின்னப் பெண் தன் கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனாள்.

திரும்பி வந்ததும் உன் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர்க் கண்ணீரை உலகம் கேட்டது என்று மேடையில் சொன்னேன். நீ முன்வரிசையில் இருந்தாய். அன்றைக்குச் சாப்பிடும்போது குசினி வாசலில் நின்று, “நானும் வெளிநாட்டு அலுவல் பாக்கிற வேலைக்குப் போவன் அம்மா,” என்றாய். உன் அப்பா சிரித்தார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். உன் படிப்பு, உன் சோதனை, உன் வேலை எல்லாம் அந்தப் பொய்க்கு மேலே எழும்பியது. உன்னை யாரும் கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன். இதை வாசிக்கும்போது உனக்கு என்மேல் கோபம் வந்தால், அதற்குத்தான் எழுதுகிறேன்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்வேன், நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும். அந்தப் பணக்கார நாட்டுக்காரர் எங்களைத் தட்டிக்கழிக்கத்தான் கேட்டார். ஆனால் கேட்ட கேள்வி சரியானது. அவர்களுடைய புகை இல்லாவிட்டால் அந்த மழை அப்படிப் பெய்திருக்காது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், நான் நம்புகிறேன். நான் போய்ப் பார்த்திருந்தால் துருசடியில் அந்தக் கட்டு உடைந்திருக்காது. இரண்டும் உண்மை. மழைக்கு அவர்கள் பொறுப்பு, துருசுக்கு நான் பொறுப்பு. ஒன்றைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று உன் தலைவர்களும் சொல்வார்கள். சின்ன நாட்டுக்குத் தன் பாவத்தை ஒத்துக்கொள்ள வசதி இல்லை என்பார்கள். அப்படிச் சொல்லும்போது உன் முகத்தில் சம்மதம் எழும்பும், எனக்குத் தெரியும். அது என் முகம்.

உன் தொலைபேசி வந்த மூன்றாம் நாள் நான் பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அத்தனை வருடமும் அவர் ஏறுகிற பஸ் என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றவள் நான். அவர் முற்றத்தில் பயற்றங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மகள் துஷி பக்கத்தில். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், கையொப்பம், மண்டபத்தில் நான் சொன்ன ஆங்கிலம். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் மிஸ்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“அவர் உங்கட மேசையில வைச்சதை வீட்ட வந்து சொன்னவர். மற்றது, நான் அங்க ரெண்டு பேர் சொன்னனான். சிவராசா, ஈச்சமோட்டைக்குளம். இங்கிலீசில சொன்னாலும் பேர் பேர்தானே. உங்கட வாயில ரெண்டும் வரேல்லை.”

“அப்ப ஏன் என்னோட வந்தனீங்கள்?”

“துருசைச் சொல்லத்தான். இஞ்ச கேக்க ஆளில்லை, அங்க எண்டால் ஆரும் கேப்பினம் எண்டு நினைச்சன்.”

“பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை? அங்கயே கத்தியிருக்கலாமே.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். “என்ன பாசையில கத்துறது? திரும்பி வாற டிக்கெட்டும் பாஸ்போட்டும் உங்கட பைக்குள்ள. நான் வீட்ட வரவேணுமே. இவள் அப்ப எட்டு வயது.” பிறகு உரித்த கோதுகளை ஒருபக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “நீங்கள் இப்ப சொல்ல வந்தது எனக்காக இல்லை. போயிட்டு வாங்கோ.” அன்றைக்கு எனக்குக் கதிரை போடவில்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். முந்தநாள், காலபோக விதைப்புக்கு முன்னான கமக்காரர் கூட்டத்துக்குப் போனேன். நான் வேலையிலிருந்து இளைப்பாறின பிறகு வந்த உத்தியோகத்தர் நடத்தினார், உன் வயதுதான் இருக்கும். பரமேஸ்வரி எழும்பி, துருசை இன்னும் சரியாகக் கட்டவில்லை, தகரம் வைத்து அடைத்துக் கிடக்கிறது, இந்த மாரிக்கும் ஆள் போகப்போகுது என்றார். அந்தப் பொடியன் பணிவாகத்தான் பதில் சொன்னான்: “அம்மா, இப்ப பெய்யிற மழை முந்தின மழை இல்லை. இது காலநிலை மாற்றம். உலகமே சேர்ந்து தீர்க்கவேண்டிய பிரச்சினை. எந்தக் கட்டும் தாங்காது.” சனம் தலையை ஆட்டியது.

நான் எழும்பினேன். என் பெயரையும் முந்தின பதவியையும் சொன்னேன். “துருசு உக்கினது எண்டு சிவராசா எழுதித் தந்தவர். நான் போகாமலே கையெழுத்து வைச்சனான். அவர் செத்தது அதாலதான்,” என்றேன். ஒரு கிழவர் காறித் துப்ப வெளியே எழும்பிப் போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். உத்தியோகத்தர் தாளைப் பார்த்தார், பேனையைத் தட்டினார், “சரி, அது பழைய விசயம். அடுத்தது யானைவேலி,” என்றார். எல்லோரும் யானைவேலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பரமேஸ்வரியும் கதைத்தார். அவருக்கும் யானைத் தொல்லை இருக்கிறது.

உனக்கு ஆள் தரமாட்டேன். பரமேஸ்வரியிடம் நீ நேரே கேட்டால், அவர் வந்தால், துஷி மொழிபெயர்ப்பாள். அவள் ஆங்கிலம் படித்துப் பட்டம் எடுத்தவள், அவர் சொல்கிற பெயர் ஒவ்வொன்றும் அவள் வாயில் வரும், என் பெயரும் சேர்ந்து. இந்தக் கடிதத்தை நான் இரண்டு பிரதியாய் எழுதினேன். மற்றதில் கையொப்பம் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டேன், விருப்பமான இடத்துக்கு அனுப்பலாம் என்று. இதை உன் தலைவரிடம் நீயே காட்டினால் உன்னை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். மறைத்தால் நீ போவாய், கழுத்தில் அட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பாய், ஒவ்வொரு முறை ஒருவர் கேள்வி கேட்க எழும்பும்போதும் அவர் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்ப்பாய். அப்படி இருந்து பார். பழகிவிடும். அதுதான் அதில் உள்ள கேடு.

அம்மா